எட்டு இரவுக்கு எட்டு இடம் வேண்டாம்

பாளையங்கோட்டை

அன்பு மகள் கயல்விழிக்கு,

நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நியூசிலாந்தின் தெற்குத் தீவில் கூடாரம் போட்டுத் தங்குவதற்காக நீ தேர்ந்தெடுத்து அனுப்பிய எட்டு இடங்களின் படங்களையும் உன் அம்மாவும் நானும் இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்றைவிட ஒன்று அழகாக இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் எட்டு இரவுக்கு எட்டு இடம் என்று நீ வகுத்திருப்பதைப் பார்த்ததும், 2018 ஜனவரியில் உன் அண்ணன் கிறைஸ்ட்சர்ச்சில் இருந்தபோது நாங்கள் மூவரும் இடங்களை அளவுக்கு மீறி அடுக்கிக்கொண்டு செய்த அதே பிழையை நீயும் செய்யப்போகிறாய் என்று தோன்றியது. அதனால்தான் தொலைபேசியில் சொல்லாமல் எழுதுகிறேன்.

இடத்தைப் படம் பார்த்துத் தேர்ந்தெடுக்காதே. எந்தப் படமும் பிற்பகல் வெயிலில், காற்றில்லாத நாளில் எடுத்ததாகவே இருக்கும். இரவு காற்று எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கும், மழை பெய்தால் தண்ணீர் எங்கே நிற்கும், கழிப்பறை எத்தனை தப்படி தூரம் என்பதையெல்லாம் படம் சொல்லாது. முப்பத்தொரு வருஷம் பொதுப்பணித்துறையில் ஆற்றையும் அணையையும் பார்த்துக்கொண்டிருந்தவன் என்பதால் எனக்கு எங்கே போனாலும் கண் முதலில் தண்ணீரின் பக்கம்தான் போகிறது. உன் அம்மா இதைச் சொல்லிச் சிரிப்பாள்.

உன் பட்டியலில் ஐந்தாவதாக உள்ள ஆற்றங்கரை இடத்தை முதலில் அடித்துவிடு. அது முறையான முகாம் திடல்கூட இல்லை. யாரோ கூடாரம் போட்டுப் படம் எடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்த நாட்டின் ஆறுகள் நம் தாமிரபரணியைப் போல ஒரே படுகையில் ஒழுங்காக ஓடுபவை அல்ல. பனியாறுகள் அரைத்துத் தள்ளும் கூழாங்கற்களின் மேல் ஐந்தாறு கிளைகளாகப் பிரிந்து, பின்னிய சடையைப் போலக் கிடக்கும். இன்று காய்ந்து கிடக்கும் கிளை நாளை ஓடும். குற்றாலத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேலே மலையில் பெய்த மழையால் அருவியில் திடீரென்று வெள்ளம் வருமே, அதே கதைதான் அங்கும். கல்லின் மேல் பாசியோ புல்லோ இல்லாமல் வெளுத்திருந்தால், தண்ணீர் அந்த இடத்துக்கு அடிக்கடி வந்துபோகிறது என்று பொருள்.

மவுண்ட் குக் அடிவாரத்தில் உள்ள ஒயிட் ஹார்ஸ் ஹில் திடலை அவசியம் வைத்துக்கொள். அதை நடத்துவது அந்நாட்டின் இயற்கைப் பாதுகாப்புத் துறை. அங்குள்ளவர்கள் அதைச் சுருக்கமாக 'டாக்' என்பார்கள். அந்நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் அவோராக்கி என்று அழைக்கும் அந்த 3,724 மீட்டர் சிகரம் பள்ளத்தாக்கின் தலைமாட்டில் நிற்கும். எதிரே இருக்கும் செஃப்டன் மலையில் தொங்கும் பனிக்கட்டி இரவில் உடைந்து விழும் ஓசை, தொலைவில் லாரியிலிருந்து ஜல்லி கொட்டுவதைப் போலக் கேட்கும். முதல் இரவு அதைக் கேட்டு உன் அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். இரண்டாம் இரவு, "இன்னும் ஒன்று விழுந்தது" என்று எண்ணத் தொடங்கிவிட்டாள்.

ஆனால் அங்கே காற்று பொல்லாதது. வடமேற்கிலிருந்து மலையைத் தாண்டி வரும் அந்தக் காற்று, வருவதற்கு முன் வானத்தில் அடையாளம் காட்டும்: மலைமுடிக்கு மேல் மேகம் வழவழப்பாக, கவிழ்த்த தோணியைப் போல அசையாமல் நிற்கும். நாங்கள் அதை அழகு என்று படம் எடுத்துக்கொண்டிருந்தோம். இரவு இரண்டு மணிக்குக் கூடாரத்தின் ஒரு பக்கம் என் முகத்தின் மேல் படுத்துக்கொண்டது. தரை முழுக்கக் கல் என்பதால் முளைகள் அரையடிகூட இறங்கியிருக்கவில்லை. ஒன்று பிடுங்கிக்கொண்டு இருட்டில் எங்கேயோ போய்விட்டது. உன் அண்ணன் தலையளவு கற்களைத் தேடித் தூக்கிவந்து கயிறுகளின் மேல் வைத்தான். மீதி இரவை நாங்கள் பொதுச் சமையல் கொட்டகையில் கழித்தோம். ஆகவே அங்கே போனதும் நடுவெளியை விட்டுவிட்டு, புதர் மறைப்பு உள்ள ஓரமாகப் பார்த்து, கூடாரத்தின் தாழ்ந்த முனையை வடமேற்கு நோக்கி வைத்துக் கட்டச் சொல். மூன்று இரவு அங்கேயே இருங்கள். மலை ஒரு நாள் முழுக்க மேகத்துக்குள் இருந்துவிடும். ஒரே இரவு தங்குகிறவர்கள் அதைப் பார்க்காமலே திரும்புகிறார்கள்.

நட்சத்திரம் பார்க்க வேண்டும் என்று குழந்தை கேட்பதாக எழுதியிருந்தாய். அந்தப் பகுதி 2012 முதல் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டிருப்பதால் விளக்கு வெளிச்சம் மிகவும் குறைவு. ஆயினும் நீங்கள் போகும் டிசம்பர் அங்கே கோடை. சூரியன் ஒன்பது மணிக்கு மேல்தான் மறையும், பதினொன்றைத் தாண்டித்தான் நன்றாக இருட்டும். பகலில் ஒரு தூக்கம் போடவைத்தால்தான் பேரனுக்குத் தெற்கு வானில் மேகத் துண்டுகளைப் போலத் தெரியும் மெகல்லன் மேகங்கள் என்னும் விண்மீன் கூட்டங்களைக் காட்ட முடியும்.

அடுத்து எக்ளின்டன் பள்ளத்தாக்கு. தே அனாவ் என்னும் ஊரிலிருந்து, மலைகளுக்கு நடுவே கடல் புகுந்து கிடக்கும் மில்ஃபோர்ட் சவுண்டுக்குப் போகும் சாலையில் டாக் திடல்கள் வரிசையாக இருக்கின்றன. நீ குறித்திருக்கும் காஸ்கேட் கிரீக் அவற்றுள் கடைசி. மில்ஃபோர்டுக்கு மிக அருகில் இருப்பதால் கூட்டமும் அங்கேதான். அதற்கு முன்னால் உள்ள சிறிய திடல்களில் 'பீச்' என்னும் காட்டு மரங்களின் நிழலில், பக்கத்தில் யாருமில்லாமல் தங்கலாம். குழிக் கழிப்பறையும் சாப்பாட்டு மேசையும் தவிர அதிகம் எதிர்பார்க்காதே. தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும். மில்ஃபோர்டில் ஆண்டுக்கு 6,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது, நம் ஊரில் எட்டொன்பது ஆண்டுகளில் பெய்வது. மழை வந்தால் பயணத்தை நொந்துகொள்ளாதே. ஹோமர் குகைப்பாதையைத் தாண்டியதும் பாறைச் சுவர்களில் நூறு அருவிகள் இறங்குவது மழை நாளில் மட்டும்தான்.

அங்கே எதிரி மழையல்ல, சாண்ட்ஃபிளை என்னும் கடிக்கும் பூச்சி. எள்ளளவுதான் இருக்கும்; நம் கொசுவைப் போலத் தேங்கிய தண்ணீரில் வளராமல் ஓடும் தண்ணீரில் வளர்வது, ஆகையால் ஓடை எவ்வளவு தெளிவோ அவ்வளவு தொல்லை. உன் அம்மா சேலை கட்டிக்கொண்டு ஓடையோரம் பத்து நிமிடம் உட்கார்ந்து ஃபிளாஸ்க்கிலிருந்து ரசம் ஊற்றிக் குடித்தாள். கணுக்கால் இரண்டும் ஒரு வாரம் வீங்கிக் கிடந்தன. வெளிர்நிற முழுக்கால் உடையும் காலுறையும் குழந்தைக்குக் கட்டாயம். காற்றடித்தால் அது பறக்காது, இருட்டினால் கடிக்காது. காற்று வரும் திறந்த புல்வெளியைப் பார்த்துக் கூடாரம் போட்டால் பாதித் தொல்லை தீரும். மவுண்ட் குக்கில் காற்றுக்கு ஒதுங்கு என்றவன் இங்கே காற்றைத் தேடு என்கிறேன். இடத்துக்கு இடம் கணக்கு மாறும். கீயா என்னும் மலைக்கிளியைப் பார்த்தால் மகிழுங்கள், ஆனால் செருப்பை வெளியே விடாதீர்கள். அது கார் கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பரையே உரித்துவிடும்.

மூன்றாவதாக, உன் பட்டியலில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன்: தென்கோடியில் கேட்லின்ஸ் கடற்கரையில் உள்ள கியூரியோ பே. அங்குள்ள திடலில் 'ஃபிளாக்ஸ்' என்னும் ஆளுயர நார்ச்செடிப் புதர்களுக்கு நடுவே அறை அறையாக இடம் விட்டிருக்கிறார்கள். கடற்காற்றுக்கு அதைவிட நல்ல சுவர் கிடையாது. தண்ணீர் வற்றும் நேரத்தில் கடலோரப் பாறையில் இறங்கினால், டைனோசர் காலத்துக் காடு ஒன்று கல்லாகிக் கிடக்கும். அடிமரங்களின் வளையத்தைக்கூட விரலால் தடவிப் பார்க்கலாம். அந்தி நேரத்தில் மஞ்சள் கண் பென்குயின்கள் கரையேறும். மிக அருகிப்போன இனம் அது. ஐம்பது மீட்டர் தள்ளி, அசையாமல் நிற்க வேண்டும், மாப்பிள்ளையின் கேமரா ஆர்வத்தைக் கொஞ்சம் அடக்கிவை. வடக்கே ஏபல் டாஸ்மன் தேசியப் பூங்காவில் உள்ள டோட்டரானுயி திடலை இம்முறை விட்டுவிடு. பொன்னிற மணல்தான், ஆனால் தீவின் மறுமுனை, கடைசிப் பகுதி வளைந்து வளைந்து போகும் மண்சாலை, விடுமுறைக்காலத்துக்கான முன்பதிவும் மாதக்கணக்கில் முன்பே நிரம்பிவிடும்.

ஆக மவுண்ட் குக்கில் மூன்று, எக்ளின்டனில் மூன்று, கியூரியோ பேயில் இரண்டு. வழியில் தோன்றிய இடத்தில் வேனை நிறுத்திப் படுக்க நினைக்காதீர்கள். நிலையான கழிப்பறை பொருத்திச் சான்று பெற்ற வண்டிக்குத்தான் பெரும்பாலும் அந்த அனுமதி, மீறினால் 400 டாலர் அபராதம். விமான நிலையத்தில் அறிவிக்காத உணவுப் பொருளுக்கும் அதே 400. அம்மா அரைத்துத் தரும் பொடிகளையெல்லாம் படிவத்தில் மறைக்காமல் எழுது. தேனும் பச்சைக் கறிவேப்பிலையும் எடுத்துப்போகவே வேண்டாம். கூடாரத்திலும் காலணியிலும் ஒட்டிய மண்ணைக்கூட அவர்கள் பார்ப்பார்கள்.

எங்கள் கூடாரத்தை மொட்டைமாடியில் விரித்துக் கழுவிக் காயவைத்திருக்கிறேன். அடுத்த வாரம் அனுப்பிவைக்கிறேன். முளைகள் பதின்மூன்றுதான் இருக்கின்றன. நீளமாக, கனமாக நாலைந்து அங்கே வாங்கிக்கொள்.

அன்புடன்,
அப்பா