அன்றன்றைக்குப் படியளந்த கைகளுக்கு

எங்கள் குடும்பத்தைத் தாங்கிய அனைவருக்கும் இயேசு கிறிஸ்துவின் இனிய நாமத்தில் ஸ்தோத்திரம்.

2023 வெள்ளத்துக்குப் பிறகு நட்ட வாழை குலை தள்ளி, முதல் வெட்டும் முடிந்துவிட்டது. முதற்குலையை, விளைச்சலைச் சபையில் படைத்து ஏலம் விடுகிற ஸ்தோத்திரப் பண்டிகையில் கர்த்தருக்குப் படைத்தோம். ஏலத்தில் அதை எடுத்த அண்ணாச்சியும் எங்களுக்குக் கைகொடுத்தவர்தான். அவரிடம் நேரிலேயே நன்றி சொல்ல வாய்த்தது. மற்றவர்களில் பாதிப் பேருடைய பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. அதனால்தான் இந்தப் பொது மடல்.

அந்த டிசம்பர் 17, 18 தேதிகளை எங்கள் தூத்துக்குடி மாவட்டத்தார் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. தாமிரபரணி கரையை மீறி வயலிலும் தெருவிலும் ஓடியது. எங்கள் ஏத்தன் வாழைக்கு அது குலை தள்ளும் பருவம். தண்ணீர் வடிவதற்குள் கிழங்கு அழுகி, நின்ற மரங்களும் சாய்ந்தன. வீட்டுக்குள் அரிசி, துணி, நகைக்கடன் ரசீது, வேதாகமம் எல்லாம் சேற்றில் கிடந்தன.

முதல் நன்றி பக்கத்து மாடி வீட்டு அக்காவுக்கு. கரண்டும் இல்லை, போனில் சிக்னலும் இல்லை. எங்கள் எல்லோரையும் மேலே ஏற்றி, இருந்த அரிசியைக் கஞ்சியாக்கி ஊற்றினார்கள். அம்மன் படத்துக்கு விளக்கேற்றும் அந்த அறையில்தான் ராத்திரி குடும்ப ஜெபம் பண்ணினோம். நாங்கள் குரலைத் தாழ்த்தியதைப் பார்த்து, "சத்தமாவே பாடுங்க, எங்களுக்கும் பயம் தெளியும்" என்றார்கள். அதே நாட்களில் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் ரயிலில் சிக்கிய நூற்றுக்கணக்கான பேருக்குப் புதுக்குடி ஊர்க்காரர்கள் சோறு பொங்கிப் போட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டோம். கேட்டபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை. எங்கள் பக்கத்து மனசு அப்படித்தான்.

செம்மணல் மேடான தேரிப்பக்கத்துச் சபைகளிலிருந்து டிராக்டரில் வந்து சேறு அள்ளிய வாலிபத் தம்பிமார், தங்கள் ஊரே மிதந்த பிறகும் வேனில் குடிதண்ணீர் கொண்டுவந்த காயல்பட்டினத்துப் பாய்மார், நனைந்த பாடப்புத்தகங்களுக்குப் பதில் புதியவை வாங்கித் தந்து என் மகளைப் பிளஸ் டூ பரீட்சைக்கு உட்காரவைத்த டீச்சர், எல்லோருக்கும் எங்கள் நன்றி.

எங்கள் சபைப் போதகரான சேகர ஐயரவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அந்த வாரங்களில் "யார் செய்த பாவமோ, கர்த்தர் இப்படி அடித்துவிட்டார்" என்று சிலர் எங்கள் காதுபடவே பேசினார்கள். தண்ணீரைவிட அந்தப் பேச்சுதான் என்னை அதிகம் முழுக்கியது. ஐயரவர்கள் ஆராதனையில் லூக்கா 13-ஆம் அதிகாரத்தை எடுத்தார்கள். சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த 18 பேரும் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று இயேசுவே கேட்டு, இல்லை என்று அவரே பதில் சொல்லும் இடம். துன்பப்பட்டவன் வீட்டு வாசலில் நின்று பாவக்கணக்கு பார்க்க யாருக்கும் உரிமையில்லை என்று அன்றைக்கு எங்கள் சபை கேட்டது. நான் அழுதுவிட்டேன்.

மழை முடிந்ததும் கஷ்டம் முடியவில்லை. தினசரிக் கஷ்டம் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. அரசாங்கம் கொடுத்த 6,000 ரூபாய் பாத்திரம், பாய், அடுப்புக்கே சரியாகப் போயிற்று. வீட்டுக்காரருக்குச் சர்க்கரை வியாதி; சேற்றில் நின்றதில் காலில் பட்ட புண் ஆறவில்லை. கூலிவேலைக்கும் போக முடியாது. அந்த மாதங்களில் நான் திரும்பத் திரும்ப வாசித்தது யாத்திராகமம் 16. வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து தந்த மன்னா என்ற அப்பத்தை, அன்றைக்கு வேண்டிய அளவு மட்டும் பொறுக்கச் சொன்னார் கர்த்தர். மறுநாளைக்கென்று ஒளித்துவைத்தது பூச்சி பிடித்து நாறியது. எங்கள் வீட்டிலும் அதே கணக்குதான் நடந்தது. ஒரு வருஷத்துக்கான வழி ஒருநாளும் தெரிந்ததில்லை. அரிசிப்பானை அடி தட்டும்போது பெண்கள் ஐக்கிய சங்கத்துப் பெரியம்மா வீடுவீடாகக் கைப்பிடி கைப்பிடியாகச் சேர்த்த பிடியரிசிப் பையோடு வாசலில் நிற்பார்கள். பஸ்ஸுக்குக் காசில்லாத காலையில், ஆஸ்பத்திரிப் பக்கம் போகிற ஆட்டோத் தம்பி தானாகவே ஹார்ன் அடிப்பார். முகம் சுளிக்காமல் புண்ணைக் கழுவிக் கட்டிய நர்ஸம்மா, "கால் போகாது, பயப்படாதீங்க" என்று ஒவ்வொரு தடவையும் சொன்னார்கள். கால் போகவில்லை.

கேட்டதெல்லாம் கிடைத்தது என்று எழுதினால் அது பொய்ச் சாட்சி. மாமனாருக்காகவும் இதே முழங்காலில்தான் நின்றோம். அவர்களைக் கர்த்தர் அழைத்துக்கொண்டார். கடனும் முழுதாகத் தீரவில்லை. அத்திமரம் துளிர்விடாமற்போனாலும் கர்த்தருக்குள் மகிழுவேன் என்ற ஆபகூக் தீர்க்கதரிசியின் ஜெபத்தைச் சின்ன வயசிலிருந்தே மனப்பாடமாகச் சொல்லி வந்திருக்கிறேன். காலி வயலின் வரப்பில் நின்று சொன்னபோது நாக்கு எழவில்லை. ஆனாலும் சொன்னேன். மாமனார் அடக்கத்தன்று எதுவும் பேசாமல் விடியவிடிய என்னோடு உட்கார்ந்திருந்த அக்காமார்களே, நான் சொல்ல முடியாமல் விட்ட மீதியை நீங்கள்தான் எனக்காகச் சொன்னீர்கள் என்று நம்புகிறேன்.

உரக்கடை அண்ணாச்சிக்கு: பழைய பாக்கியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல், புது நோட்டில் புதுப் பக்கம் போட்டு உரம் கொடுத்தீர்கள். கன்று தந்த மேலத்தெரு மாமாவுக்கு: நீங்கள் பணம் வாங்க மறுத்ததை வீட்டுக்காரர் இன்றும் சொல்லிச் சொல்லி உருகுகிறார்.

இந்தத் தடவை எங்கள் தோப்பில் ஈட்டிக்கன்றுகள், அதாவது நடுவதற்கேற்ற பக்கக்கன்றுகள், திடமாக வந்திருக்கின்றன. வெள்ளத்தில் வாழை போய் இன்னும் நட முடியாமல் இருப்பவர்கள், எந்த ஊராக இருந்தாலும் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் சரி, சபைக் கணக்கரிடம் சொல்லிவிட்டு வந்து தோண்டிக்கொண்டு போகலாம். காசு வேண்டாம். வரும்போது மண்வெட்டியும் சாக்கும் மட்டும் கொண்டுவாருங்கள்.

கர்த்தருக்குள் அன்பான சகோதரி,
ஸ்ரீவைகுண்டம் வட்டாரத்து வாழை விவசாயக் குடும்பம்