ஹெட்லைட் வயரிங்: கலரை நம்பி இணைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வெளிநாட்டு ஹெட்லைட் செட்டை வாங்கி வீட்டிலேயே காரில் மாட்டிக்கொள்வது பற்றி உங்கள் வாகனப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். பம்பரைக் கழற்றுவது, கிளிப் உடையாமல் எடுப்பது, பழைய விளக்கை வெளியே இழுப்பது எல்லாம் பொறுமையாகவும் சரியாகவும் சொல்லியிருந்தார்கள். வயரிங் வந்ததும் மட்டும், கலருக்குக் கலர் பார்த்து இணைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று ஒரே வரியில் தாண்டிவிட்டார்கள். கார்களுக்கு வயரிங் வேலை பார்த்துப் பிழைப்பவன் நான். அந்த ஒரு வரியை நம்பியவர்கள்தான் கடைசியில் என்னைப் போன்றவர்களிடம் வந்து நிற்கிறார்கள். வருமானம் என்று பார்த்தால் எனக்கு லாபம்தான். ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

கலரைப் பற்றியே முதலில் சொல்கிறேன். ஜெர்மன் வயரிங்கில் பிரவுன் என்றால் எர்த், அதாவது கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழி. பழைய பிரிட்டிஷ் கார்களில் அதே பிரவுன், பேட்டரியிலிருந்து ஃபியூஸ்கூட இல்லாமல் நேராக வரும் கரண்ட். ஜெர்மன் முறையில் மஞ்சள் டிம், வெள்ளை பிரைட். பிரிட்டிஷ் முறையில் நீலத்தில் சிவப்புக் கோடு போட்டது டிம், நீலத்தில் வெள்ளைக் கோடு பிரைட், கறுப்பு எர்த். இப்போது முதல் வகை விளக்கின் பிரவுனை இரண்டாம் வகைக் காரின் பிரவுனோடு முறுக்கிவிட்டால் என்ன ஆகும்? விளக்கு எரியாமல் போனால் அதிர்ஷ்டம். விளக்கின் எர்த் அதன் உலோகக் கூட்டோடும் சேர்ந்திருந்தால், நடுவில் ஃபியூஸ் இல்லாததால் வயரே புகையும். பெட்டியோடு வரும் அடாப்டர் வயர்களின் கலரை நான் பார்ப்பதே இல்லை. எந்த வயர் எந்தப் பின்னுக்கு, அதாவது இணைப்பு முனைக்கு, போகிறது என்று மல்டிமீட்டர் வைத்துப் பார்த்துக்கொள்வேன்.

அடுத்தது, கட்டுரையில் தொடாத விஷயம். எல்லாக் கார்களிலும் ஸ்விட்ச், கரண்ட் வரும் பக்கத்தில் இருப்பதில்லை. பல ஜப்பானியக் கார்களில் பல்புக்குப் பாசிட்டிவ் பொதுவாக வந்துவிடும். டிம், பிரைட் மாற்றும் ஸ்விட்ச் எர்த் பக்கத்தில் வேலை செய்யும். ரிலே என்பது சிறிய கரண்டால் பெரிய கரண்டைப் போட்டு அணைக்கும் ஸ்விட்ச். அதோடு சேர்த்துக் கட்டி விற்கும் வயர் தொகுப்புகளான ரெடிமேட் ரிலே ஹார்னஸ்களில் பெரும்பாலானவை இதற்கு நேர்மாறாக, பாசிட்டிவ் பக்கம் ஸ்விட்ச் உள்ள காருக்காகச் செய்தவை. அதை இதில் மாட்டினால் ரிலே இழுக்கவே இழுக்காது. ஹார்னஸ் கட்டியிருக்கும் விதத்தைப் பொறுத்து, லைட்டைப் போட்ட உடனே ஃபியூஸும் போகலாம். உடனே விளக்கு டூப்ளிகேட் என்று வாங்கிய கடைக்காரரோடு சண்டை. விளக்கில் ஒரு குறையும் இருக்காது.

இதைக் கண்டுபிடிப்பது சுலபம். பழைய பல்பின் பின்னால் செருகியிருக்கும் கப்ளரைப் பிடுங்குங்கள். லைட்டைப் போட்டு, மீட்டரின் கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவில் வைத்து, சிவப்பு முனையால் மூன்று பின்களையும் தொட்டுப் பாருங்கள். டிம் போட்டாலும் பிரைட் போட்டாலும் ஒரே பின்னில் 12 வோல்ட் நின்றுகொண்டிருந்தால் அது எர்த் ஸ்விட்ச் வகை. டிம்முக்கு ஒரு பின், பிரைட்டுக்கு இன்னொரு பின் என்று வோல்ட் மாறி மாறி வந்தால் வழக்கமான வகை. எர்த் ஸ்விட்ச் வகையாக இருந்தால், ரிலேயை இழுக்க வைக்கும் காயிலின் ஒரு முனையைப் பொதுப் பாசிட்டிவிலும், மறுமுனையை டிம் வயரிலோ பிரைட் வயரிலோ கொடுக்க வேண்டும். காயிலுக்கு எந்தப் பக்கம் பாசிட்டிவ் என்பது சாதாரணமாக முக்கியமில்லை. உள்ளே டயோடு (கரண்டை ஒரே திசையில் விடும் பாகம்) வைத்த ரிலேயாக இருந்தால் மட்டும், ரிலே முனைகளில் போட்டிருக்கும் எண்களில் 86ல் பாசிட்டிவ், 85ல் நெகட்டிவ். மாற்றிக் கொடுத்தால் டயோடு போய்விடும்.

இனி எர்த். கார் வயரிங்கில் பாதிக் கோளாறு இங்கேதான் என்பது என் அபிப்பிராயம். சமீபத்தில் ஒரு கார் வந்தது. டிம், பிரைட் இரண்டு இழையும் ஒரே பல்பில் இருக்கும் வெளிநாட்டு எச்4 செட், பார்க்க நல்ல பொருள்தான். ரிலே இல்லாமல் பழைய வயரிலேயே மாட்டியிருந்தார்கள். டிம் போட்டால் வலது விளக்கு பளிச்சென்று எரிகிறது. இடது விளக்கில் டிம், பிரைட் இரண்டு இழையும் சேர்ந்து சிவந்து கிடக்கின்றன. டேஷ்போர்டில் பிரைட்டுக்கான நீல விளக்கு வேறு மங்கலாக எரிகிறது. பல்பு கோளாறு என்று ஏற்கெனவே யாரோ சொல்லி, புது பல்பும் போட்டுப் பார்த்தாயிற்று. மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை இடது விளக்கின் எர்த் பின்னிலும் வைத்தேன். பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டிய இடத்தில் 8 வோல்ட்டுக்குப் பக்கத்தில் காட்டியது.

நடந்தது இதுதான். எர்த் வயரின் முனையில் உள்ள உலோக வளையத்தை, அதாவது லக்கை, பெயிண்ட் மேலேயே வைத்து ஸ்க்ரூவை முடுக்கியிருக்கிறார்கள். எர்த் கிடைக்காத கரண்ட் டிம் இழை வழியாக உள்ளே வந்து, பிரைட் இழை வழியாகத் திரும்பி, பிரைட் வயரைப் பிடித்துக்கொண்டு வலது விளக்குக்கும் நீல விளக்குக்கும் போய் அங்கே எர்த் தேடியிருக்கிறது. உற்றுப் பார்த்தால் வலது விளக்கின் பிரைட் இழையும் லேசாகச் சிவந்திருந்தது. பெயிண்டைச் சுரண்டி இரும்பு பளபளவென்று தெரியும்படி செய்து, பல் வைத்த வாஷர் போட்டு முடுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவினேன். அவ்வளவுதான் வேலை. போட்டுவிட்ட புது பல்பைக் காரின் சொந்தக்காரர் ஸ்பேராக வைத்துக்கொண்டார்.

விளக்கை மாற்றுகிறவர்களில் பெரும்பாலோர் சொல்லும் காரணம், வெளிச்சம் போதவில்லை என்பது. வாங்கும் முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். லைட் எரிந்துகொண்டிருக்கும்போது பேட்டரி முனையில் எத்தனை வோல்ட், பல்பின் பின்பக்கம் எத்தனை வோல்ட் என்று அளந்து பாருங்கள். அரை வோல்ட்டுக்குள் வித்தியாசம் இருந்தால் நல்ல வயரிங். நாள்பட்ட கார்களில் ஒரு வோல்ட், ஒன்றரை வோல்ட் வழியிலேயே காணாமல் போயிருக்கும். ஹாலஜன் பல்பில் வோல்ட் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்துவிடும். அப்படிப்பட்ட வயரில் எந்த நாட்டு விளக்கைப் போட்டாலும் மஞ்சளாகத்தான் எரியும்.

மங்கலாக இருக்கிறதே என்று 60/55 வாட் (பிரைட்/டிம்) இருந்த இடத்தில் 100/90 வாட் பல்பைப் போடுவது அடுத்த கட்டம். 60 வாட் என்றால் 12 வோல்ட்டில் 5 ஆம்பியர், இரண்டு பக்கமும் சேர்ந்து 10. 100 வாட் என்றால் ஒரு பல்புக்கே 8 ஆம்பியருக்கு மேல், இரண்டுக்கும் சேர்ந்து 17ஐத் தொடும். ஸ்டியரிங் பக்கத்தில் இருக்கும் சின்ன ஸ்விட்சும் மெல்லிய வயரும் அதற்காகச் செய்தவை அல்ல. பழுப்பேறி உருகிய கப்ளரைப் பார்த்திருப்பீர்கள், அது இப்படி வந்ததுதான். ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று பெரிய ஃபியூஸைப் போடுவது இன்னும் மோசம். ஃபியூஸ் இருப்பது வயரைக் காப்பாற்ற.

ரிலே வைத்தால் ஸ்விட்ச் வழியாகப் போவது காயிலுக்கான சொற்ப கரண்ட் மட்டும். பேட்டரியிலிருந்து தடிமனான வயர், அதாவது 2.5 சதுர மில்லிமீட்டர், ரிலேயின் 30 எண் முனைக்கு, 87 எண் முனையிலிருந்து விளக்குக்கு. பேட்டரியில் வயர் தொடங்கும் இடத்துக்கு எவ்வளவு பக்கமாக முடியுமோ அவ்வளவு பக்கத்தில் ஃபியூஸ். டிம்முக்கு ஒரு ரிலே, பிரைட்டுக்கு ஒரு ரிலே. எர்த் வயரும் அதே தடிமனில் இருக்க வேண்டும். போகும் வழியைத் தடிமனாக்கிவிட்டு வரும் வழியை நூல் மாதிரி விட்டுவைப்பதில் பயனில்லை. ஜாயின்ட்டுகளை லக் வைத்துச் சரியாக கிரிம்ப் செய்து, ஹீட் ஷ்ரிங்க் டியூப் போட்டு மூடுங்கள். வயரைக் கடித்துப் பிடிக்கும் அந்த நீல நிற கனெக்டர்களை நான் தொடுவதில்லை. இன்சுலேஷன் டேப்பும் இன்ஜின் சூட்டில் கொஞ்ச காலத்தில் பசை விட்டுத் தொங்கும். இத்தனைக்கும் முன்னால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவைக்க வேண்டும் என்பதைக் கட்டுரையில் சொல்லியிருந்தார்கள், நல்லது.

புதிய கார்களின் கதை வேறு. அவற்றில் பல்புக்குப் போகும் கரண்டை ஒரு கன்ட்ரோல் மாட்யூல், அதாவது சின்னக் கம்ப்யூட்டர், கண்காணிக்கிறது. சிலவற்றில் கரண்ட் தொடர்ச்சியாக இல்லாமல் விட்டுவிட்டுத் துடிப்பாக வரும். அங்கே சாதாரண ரிலே வைத்தால் கடகடவென்று அடித்துக்கொள்ளும், எல்இடி மினுக்கும், பல்பு போய்விட்டதாக எச்சரிக்கை வரும். அந்தக் காருக்கென்று செய்த அடாப்டரைத்தான் வாங்க வேண்டும். எச்சரிக்கையை அணைக்க ரெசிஸ்டர் வைப்பவர்கள் அதை உலோகத்தில் பொருத்துங்கள். அது தொட முடியாத அளவுக்குச் சூடேறும், பிளாஸ்டிக்கில் வைத்தால் பிளாஸ்டிக் உருகும்.

வயரிங் சரியாக இருந்தாலும் விளக்கே தப்பான நாட்டுக்குச் செய்ததாக இருக்கலாம். இதை வாங்கும்போதே பார்க்கலாம். டிம் லைட்டின் ஒளி இரண்டு பக்கமும் சமமாக இருக்காது. சாலையோரப் பக்கம் சற்று உயர்ந்தும், எதிரே வருபவர் பக்கம் தாழ்ந்தும் இருக்கும். ஐரோப்பிய விதிப்படி செய்த விளக்கில் வட்டத்துக்குள் ஈ என்ற எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். அதன் அருகே, விளக்குக்கு எதிரே நின்று பார்க்கும் நமக்கு வலப்பக்கம் காட்டும் அம்புக்குறி இருந்தால், அது ஜப்பான், பிரிட்டன் போலச் சாலையின் இடப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்கானது. அம்புக்குறியே இல்லையென்றால் ஜெர்மனி, பிரான்ஸ் போல வலப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்கானது. இரண்டு பக்கமும் முனை உள்ள அம்பு என்றால் இரண்டு முறைக்கும் பொருந்தும். மாற்றி வாங்கிவிட்டால் உயர்ந்திருக்கும் ஒளி முழுக்க எதிரே வருபவரின் கண்ணில்தான் விழும். திருகாணியைத் திருப்பி அதைச் சரிசெய்ய முடியாது.

ஹாலஜன் விளக்குக்குள் செனான் பல்பு வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு வரி: வேண்டாம். எச்4 பல்பின் டிம் வெளிச்சம் சுமார் 1,000 லூமென், டி2எஸ் என்ற வகைச் செனான் பல்பு 3,200 லூமென். இழை இருக்கும் புள்ளியைக் கணக்கிட்டுச் செய்த ரிஃப்ளெக்டரில் அதைப் போட்டால் வெளிச்சம் சிதறி, கூசும்.

மாட்டி முடித்ததும் உயரத்தைப் பாருங்கள். கட்டுரையில் இதுவும் விடுபட்டிருக்கிறது. டயரில் சரியான காற்று, ஓட்டுநர் இருக்கையில் ஒருவர், உள்ளே ஏற்ற இறக்கத் திருகு இருந்தால் அது பூஜ்யத்தில். சமதளத்தில் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளிக் காரை நிறுத்துங்கள். விளக்கின் மேலேயோ பக்கத்திலோ 1 சதவீதம் என்பது போல ஓர் எண் அச்சிட்டிருக்கும். 10 மீட்டரில் 10 சென்டிமீட்டர் இறக்கம் என்று அர்த்தம். விளக்கின் மையம் தரையிலிருந்து 65 சென்டிமீட்டர் என்றால், சுவரில் டிம் ஒளியின் மேல் விளிம்பு 55ல் விழ வேண்டும். பக்கத்துக்குப் பக்கம் மறைத்துத் தனித்தனியாகப் பாருங்கள்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். அந்தக் கட்டுரையின் தொடர்ச்சியாக ரிலே இணைப்புப் படம் ஒன்றை, 30, 85, 86, 87 என்று எண் போட்டு, பாசிட்டிவ் ஸ்விட்ச் வகைக்கு ஒன்றும் எர்த் ஸ்விட்ச் வகைக்கு ஒன்றுமாகத் தனித்தனியே வெளியிடுங்கள். பெட்டிக்குள் வரும் துண்டுச்சீட்டில் அது இருப்பதில்லை. கலருக்குக் கலர் என்ற வரிக்கு ஒரு திருத்தமும் போட்டால் நல்லது. இந்த வார இறுதியிலேயே யாராவது அதை வைத்துக்கொண்டு பேனட்டைத் திறப்பார்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகரான ஓர் ஆட்டோ எலெக்ட்ரீஷியன்