அடுத்த போர் வந்தால் முதலில் அவையைக் கூட்டச் சொல்லுங்கள்
தமிழ்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். மக்களவையில் 39 பேர், மாநிலங்களவையில் 18 பேர், ஆக 57 பேருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். எந்தக் கட்சி என்று பார்க்கவில்லை. நான் வேலூர்ப் பக்கத்துக் கிராமத்துக்காரன். எங்கள் பக்கத்தில் தெருவுக்கு நாலு வீட்டிலாவது சுவரில் ராணுவ உடுப்போடு ஒரு படம் மாட்டியிருக்கும். எங்கள் வீட்டிலும் இருக்கிறது, அது அப்பாவின் படம்.

1999இல் நான் ஒன்பதாம் வகுப்பு. அப்பா அப்போது காஷ்மீரில் இருந்தார். காஷ்மீரில் எங்கே என்று எங்களுக்குத் தெரியாது, கடிதத்தில் எழுதவும் கூடாது. கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ. என்ற ராணுவ அஞ்சலகப் பெயர், அவ்வளவுதான் முகவரி. நீல நிற இன்லண்ட் கவரை அம்மா ஓரம் கிழியாமல் கத்தியால் பிரிப்பார். 'நான் நலம், நீங்கள் நலமா, பையனை மழையில் அனுப்பாதே' என்று மூன்று வரி இருக்கும். கார்கிலில் சண்டை ஆரம்பித்த பிறகு கடிதம் வருவது நின்றுபோனது. ஆகாசவாணியில் தமிழ்ச் செய்தி போடும் நேரத்துக்கு அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து ரேடியோ முன்னால் உட்காருவார். திருச்சியைச் சேர்ந்த மேஜர் சரவணன் கார்கில் போர்முனையான பட்டாலிக்கில் இறந்துபோன செய்தியும், ஒரு மாதத்துக்கும் மேல் அவர் உடலை மீட்க முடியாமல் இருந்ததும் அந்த நாட்களில்தான். அந்த ஒரு மாதமும் அம்மா சரியாகச் சாப்பிடவில்லை.

அப்போது ஒருநாள் குழாயடியில் அம்மா கேட்டார். "இத்தன பேரு மலை மேல ஏறி பங்கர் கட்டி உக்கார்ற வரைக்கும் ஒருத்தருக்குமா தெரியாம போச்சு?" பக்கத்தில் நின்ற பெண், கெட்டவர் இல்லை, இன்றைக்கும் எங்கள் வீட்டுக்கு வருகிறவர், உடனே சொன்னார்: "வீட்டுக்காரர பட்டாளத்துக்கு அனுப்பிட்டு இப்படிப் பேசலாமாக்கா?" அம்மா வாயை மூடிக்கொண்டு குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அதற்கப்புறம் போர் முடியும் வரை வெளியில் எங்கேயும் அந்தக் கேள்வியை அவர் கேட்கவில்லை.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். போர் முடிந்தது ஜூலை 26. மூன்றே நாளில், ஜூலை 29 அன்று, அரசே ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. தலைவர் கே. சுப்பிரமணியம், திருச்சியில் பிறந்தவர், இன்றைய வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கரின் அப்பா. அந்தக் குழு விசாரித்தது எங்கள் அம்மா குழாயடியில் கேட்ட அதே கேள்வியைத்தான். இவ்வளவு பெரிய ஊடுருவல் எப்படி முன்கூட்டியே தெரியாமல் போனது? 2000 பிப்ரவரியில் அறிக்கை நாடாளுமன்றத்துக்கு வந்தது, சில பகுதிகளை நீக்கிவிட்டுத்தான், ஆனாலும் வந்தது. உளவுத் தகவல்களைச் சேர்த்ததிலும் பகிர்ந்ததிலும் என்ன ஓட்டை என்று அதில் எழுதியிருந்தார்கள். அதைத் தொடர்ந்து வந்த அமைச்சர்கள் குழு 2001இல் முப்படைக்கும் சேர்த்து ஒரே தலைமைத் தளபதி வேண்டும் என்றது, 2020 ஜனவரியில் அந்தப் பதவியும் வந்தது. ஜூன் மாதத்தில் ஒரு பெண் கேட்டால் வாய் அடைக்கப்படும் கேள்வி, ஜூலைக் கடைசியில் அரசாங்கம் கேட்டால் சீர்திருத்தம் ஆகிவிடுகிறது. நடுவில் 527 வீரர்கள் போய்விட்டார்கள்.

2025 மே மாதம் எனக்கும் அதுவே நடந்தது. காஷ்மீரின் பகல்காமில் பயங்கரவாதிகள் 26 பேரைக் கொன்ற பிறகு, மே 7 அன்று நம் படைகள் பாகிஸ்தானுக்குள் தாக்கின. நானும் அன்றைக்கு அது சரி என்றுதான் நினைத்தேன், இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். நம் விமானங்கள் விழுந்ததாகச் செய்தி பரவியபோது எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் 'நம் பக்கம் இழப்பு எவ்வளவு, அரசு சொல்லுமா?' என்று ஒரே ஒரு வரி கேட்டேன். பத்து நிமிடத்தில் பதினேழு பதில். அதில் மூன்று பேர் 'தேசத்துரோகி' என்று எழுதியிருந்தார்கள். அந்த மூன்று பேர் வீட்டிலும் யாரும் பட்டாளத்தில் இல்லை. மே 31 அன்று முப்படைத் தலைமைத் தளபதி சிங்கப்பூரில் ஒரு வெளிநாட்டுச் செய்தி நிறுவனத்திடம், விமானங்களை இழந்தது உண்மைதான், எத்தனை என்பதைவிட ஏன் விழுந்தன என்பதுதான் முக்கியம் என்று அவரே சொன்னார். நல்ல பதில், நேர்மையான பதில். அதைச் சிங்கப்பூரில் சொல்ல முடிந்தபோது நம் நாடாளுமன்றத்தில் ஏன் சொல்ல முடியவில்லை என்பதுதான் என் வருத்தம். எதிர்க்கட்சிகள் சிறப்புக் கூட்டம் கேட்டன, கூட்டவில்லை. ஏழு குழுக்களை வெளிநாடுகளுக்கு அனுப்பினார்கள், அதில் ஒன்றுக்குத் தலைமை உங்களில் ஒருவரான கனிமொழி. மற்ற நாடுகளுக்கு விளக்கம் சொல்லிவிட்டு வந்தீர்கள். சொந்த அவையில் விவாதம் தொடங்கியது ஜூலை 28 அன்றுதான்.

இது ஒரு கட்சியின் குற்றம் இல்லை. கார்கில் சமயத்தில் வாஜ்பாய் அரசு ஒரே ஓட்டில் கவிழ்ந்து மக்களவை கலைந்திருந்தது. மாநிலங்களவையையாவது கூட்டுங்கள் என்று எதிர்க்கட்சிகள் கேட்டன, அப்போதும் கூட்டவில்லை. எனக்கு இது ரொம்ப வலிக்கும், ஏனென்றால் 1962இல் சீனா உள்ளே வந்தபோது நாடாளுமன்றத்தைக் கூட்டு என்று கேட்டவரே அந்த வாஜ்பாய்தான். அப்போது அவருக்கு வயது 38 கூட ஆகவில்லை, மிகச் சிறிய ஒரு எதிர்க்கட்சியின் மாநிலங்களவை உறுப்பினர். அக்டோபர் 20இல் சண்டை தொடங்கியது. கூட்டத்தொடரை முன்கூட்டியே கூட்டச் சொல்லி நேருவிடம் கேட்டார், நேரு ஒத்துக்கொண்டார். நவம்பர் 8 அன்று அவை கூடியது. வேண்டுமானால் ரகசியக் கூட்டமாக நடத்தலாம் என்று ஒரு உறுப்பினர் யோசனை சொன்னபோது அதையும் நேரு ஏற்கவில்லை, நாட்டுக்கே தெரியட்டும் என்று விட்டுவிட்டார். மக்களவையில் மட்டும் 165 பேர் பேசினார்கள். எல்லையில் துப்பாக்கிச் சத்தம் நிற்கவில்லை, தவாங் கைவிட்டுப் போயிருந்தது, பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனன் அப்போதுதான் அமைச்சரவையை விட்டு வெளியேற்றப்பட்டிருந்தார், அவரை வெளியேற்றச் சொல்லி நெருக்கியவர்களில் ஆளுங்கட்சிக்காரர்களே நிறையப் பேர். நேருவின் முகத்துக்கு நேரே கடுமையாகக் கேட்டார்கள். அவர்களில் யாரையும் துரோகி என்று அவர் சொன்னதாக நான் படித்ததில்லை. நவம்பர் 14 அன்று எல்லோரும் எழுந்து நின்று ஒரே தீர்மானத்தை நிறைவேற்றினார்கள். ஏழு நாள் கேள்வி கேட்ட அதே ஆட்கள்தான்.

போர் நேரத்தில் கேள்வி கேட்டால் வீரர்களின் மனம் தளரும் என்று சொல்வார்களே, 1962இல் வீரர்களைக் கொன்றது எது என்று பாருங்கள். வடகிழக்கு எல்லையில் தவாங் பக்கம் இருக்கும் தக் லா மலைமேட்டிலிருந்து சீனர்களை விரட்ட வேண்டும் என்று தில்லி முடிவு செய்தபோது, அந்தப் பகுதிக்குப் பொறுப்பான 33வது கோர் என்ற பெரிய படைப்பிரிவின் தளபதி உம்ராவ் சிங், இது நடக்காது, அங்கே சாமான் கொண்டுபோய்ச் சேர்க்கவே வழியில்லை, குளிருக்கு உடை இல்லை என்று கணக்குப் போட்டு எழுதினார். அவர் கணக்கை யாரும் தப்பென்று நிரூபிக்கவில்லை. அவரிடமிருந்து அந்தப் பொறுப்பை எடுத்துவிட்டுப் புதிதாக 4வது கோர் என்று ஒன்றை உருவாக்கி, சரி என்று தலையாட்டிய ஜெனரல் கவுல் கையில் கொடுத்தார்கள். அக்டோபர் 12 அன்று, கொழும்புக்குக் கிளம்பும் வழியில், சீனர்களை வெளியேற்றச் சொல்லி உத்தரவு போட்டாகிவிட்டது என்று பிரதமர் பத்திரிகையாளர்களிடம் சொன்னார். தக் லாவுக்குக் கீழே நம்கா சூ ஆற்றங்கரையில் 7வது பிரிகேட் வீரர்கள் பருத்திச் சட்டையும் கேன்வாஸ் ஷூவும் போட்டுக்கொண்டு பனியில் காத்திருந்தார்கள். அக்டோபர் 20 விடியற்காலை சீனர்கள் அடித்தார்கள், சில மணி நேரத்தில் முடிந்துபோனது. உம்ராவ் சிங் சொன்னதைக் கேட்டிருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் வீட்டு இன்லண்ட் கவர்கள்தான் ஞாபகம் வரும். அந்த வீரர்களின் வீட்டிலும் யாரோ கத்தியால் ஓரம் பிரித்திருப்பார்கள்.

வேலூர்ப் பக்கத்துக்காரன் என்ற முறையில் நான் அண்ணாவையும் சொல்லியாக வேண்டும். 1962இல் விலைவாசி உயர்வுக்கு எதிரான போராட்டத்தில் கைதாகி வேலூர் ஜெயிலில் இருந்தார். வெளியே வந்தபோது சீனப் போர். தன்னை ஜெயிலில் போட்ட ஆட்சிக்குப் போர் விஷயத்தில் முழு ஆதரவு கொடுத்தார், நிதி திரட்டினார், திராவிட நாடு கோரிக்கையை ஒதுக்கி வைத்தார். ஆனால் மூன்றே மாதத்தில், 1963 ஜனவரியில், பிரிவினைப் பேச்சைத் தடுக்கும் 16வது அரசியல் சட்டத் திருத்தம் மாநிலங்களவைக்கு வந்தபோது எழுந்து நின்று எதிர்த்துப் பேசினார். நெருக்கடி நிலை அமலில் இருந்த நேரம் அது. போருக்கு ஆதரவு, மசோதாவுக்கு எதிர்ப்பு, இரண்டும் ஒரே மனிதர். நீங்கள் பதவியேற்கும்போது இந்தியாவின் இறையாண்மை, ஒருமைப்பாடு என்று உறுதிமொழி எடுக்கிறீர்களே, அந்த வார்த்தைகள் அந்தத் திருத்தத்தில்தான் சேர்ந்தன. அவற்றைச் சொல்லும்போது, அதை எதிர்த்துப் பேசியவர் நாட்டுக்கு எதிராகப் பேசவில்லை என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

அதே 1962க்கு இன்னொரு முகமும் உண்டு. அதை மறைத்தால் நான் நேர்மையாக எழுதியதாக ஆகாது. நவம்பர் 21 அன்று சீனா தானாகவே போரை நிறுத்தியது, அந்த நாட்களில்தான் நாடு முழுக்க நூற்றுக்கணக்கான கம்யூனிஸ்டுகளைப் பாதுகாப்புச் சட்ட விதிகளில் பிடித்து உள்ளே போட்டார்கள். சீன முகம் என்ற ஒரே காரணத்துக்காக கல்கத்தாவிலும் அசாமிலும் டார்ஜீலிங்கிலும் இருந்த குடும்பங்களைக் குழந்தைகளோடு ரயிலில் ஏற்றி ராஜஸ்தானில் தேவ்லி முகாமுக்குக் கொண்டுபோனார்கள், சுமார் 3000 பேர். சிலர் வருடக்கணக்கில் அங்கேயே இருந்தார்கள். செருப்புத் தைத்தவர், பல் கட்டியவர், ஓட்டல் வைத்திருந்தவர், இவர்களால் எந்த எல்லை விழுந்தது? ஒரு மாதம் நடந்த போருக்காகக் கொண்டுவந்த நெருக்கடி நிலை 1968 ஜனவரி வரைக்கும் நீடித்தது. அவையைக் கூட்டிய அதே நேருவின் அரசுதான் இதையும் செய்தது. ஒருவர் வாய்க்குள் இருக்கும் விசுவாசத்தை அளக்கும் வேலையை அரசிடம் விட்டால் அது இங்கேதான் வந்து நிற்கும்.

எதையும் எப்போதும் கேட்கலாம் என்று நான் சொல்லவில்லை. எந்தப் படை எங்கே போகிறது, அடுத்து எங்கே அடிக்கப் போகிறோம், இதையெல்லாம் கேட்கவும் கூடாது, காட்டவும் கூடாது. பட்டாளத்து வீட்டில் வளர்ந்தவனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம், அப்பா இருந்த ஊர்ப் பெயரே எங்களுக்குத் தெரியாது. ஆனால் 2008இல் மும்பை தாக்குதலின்போது கமாண்டோக்கள் இறங்குவதை நேரலையில் காட்டியது எதிர்ப்பாளர்கள் இல்லை, தொலைக்காட்சிகள். 2012இல் கசாப் வழக்குத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றமே அதைக் கடுமையாகக் கண்டித்தது. இன்றைக்கு யார் தேசபக்தர் என்று ராத்திரி ஒன்பது மணிக்குச் சான்றிதழ் கொடுப்பதும் தொலைக்காட்சிகள்தான்.

சரி, நான் உங்களிடம் கேட்பது இரண்டு. முதலாவது, போர் தொடங்கிப் பத்து நாளுக்குள் நாடாளுமன்றம் கூட வேண்டும் என்று ஒரு விதியைக் கொண்டுவரச் சொல்லுங்கள். ரகசியமானதை மூடிய அறையில் பேசிக்கொள்ளட்டும், மீதியை எங்களுக்குக் கேட்கும்படி பேசுங்கள். தனிநபர் மசோதாவாகவாவது போடுங்கள், தோற்றாலும் பரவாயில்லை, பதிவில் இருக்கும்.

இரண்டாவது, 1962 தோல்வியை விசாரித்த ராணுவ அதிகாரிகள் ஹெண்டர்சன் புரூக்ஸ், பகத் இருவரின் அறிக்கை. 1963இல் கொடுத்தது, இன்றுவரை அரசு வெளியிடவில்லை. 2010இல் காங்கிரஸ் அமைச்சர் அந்தோணி, இன்றும் ராணுவ ரீதியாக முக்கியமானது, வெளியிட முடியாது என்றார். 2014 மார்ச்சில் எதிர்க்கட்சியில் இருந்த அருண் ஜெட்லி அதை வெளியிடத்தான் வேண்டும் என்று எழுதினார். மே மாதம் ஆட்சிக்கு வந்தார்கள், அவரே பாதுகாப்பு அமைச்சர், ஜூலையில் வெளியிடுவது நாட்டு நலனுக்கு நல்லதல்ல என்று அவையில் பதில் வந்தது. அதில் ஒரு பகுதியை ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையாளர் அதே வருடம் இணையத்தில் போட்டுவிட்டார், உலகமே படிக்கிறது. நம்கா சூவில் செத்துப்போனவர்களின் பேரன்களுக்கு மட்டும் அது ரகசியமா? அடுத்த கூட்டத்தொடரில் உங்களில் ஒருவராவது இதைக் கேள்வியாக எழுப்புங்கள்.

அப்பா கார்கிலிலிருந்து உயிரோடு திரும்பி வந்தார், ஓய்வுபெற்று நாலு வருடம் முன்னால் இறந்தார். அம்மாவுக்கு 64 வயது. இந்த மடலை எழுதி முடித்துப் படித்துக் காட்டினேன். குழாயடி விஷயத்தைப் போட்டது மட்டும் அவருக்குக் கொஞ்சம் கூச்சம், அப்புறம் இருக்கட்டும் என்றுவிட்டார். நீங்கள் பதில் எழுதுவதாக இருந்தால் தமிழிலேயே எழுதுங்கள், அவரும் படிப்பார்.

இப்படிக்கு,
ஒரு ஹவில்தாரின் மகன்