கடைசி அத்தியாயத்தைப் பற்றி

சாட்ஸ்வர்த், டர்பன்

அன்பு மகளுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலிதான் விட்டபாடில்லை.

உன் நாவலை முழுக்கப் படித்துவிட்டேன். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு அம்மாவுக்கும் சத்தமாக வாசித்தேன். டர்பனின் மேவில் பகுதியில் இருந்த வீட்டைக் காலி செய்து லாரியில் சாமான் ஏற்றும் இடம் வந்ததும், போதும் நிறுத்துங்கள் என்று எழுந்து போய்விட்டாள். அவள் பிறந்த வீடும் அப்படிப் போனதுதானே. அங்கே நீ அரசாங்கத்தைத் திட்டவில்லை, சட்டத்தின் பெயரைக்கூட எழுதவில்லை. கறிவேப்பிலைக் கன்றை வேர்மண்ணோடு தோண்டி ஈரச் சாக்கில் சுற்றுகிற பாட்டியைக் காட்டினாய், அவ்வளவுதான். எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டம் 1950இல் வந்தது என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொள்வார்கள். உன் பாட்டியின் சாக்கைப் படிக்கிறவன் எழுதிக்கொள்ள மாட்டான், அவனுக்குத் தொண்டை அடைக்கும்.

“விசுவாசி எழுதுகிற நாவலில் கர்த்தர் எங்கே இருக்க வேண்டும் அப்பா?” என்று கேட்டிருந்தாய். பல நாள் யோசித்தேன். நாத்தான் தீர்க்கதரிசிதான் ஞாபகத்துக்கு வந்தார். தாவீது ராஜா உரியாவைக் கொல்லவைத்து அவன் மனைவியை எடுத்துக்கொண்ட பிறகு, நாத்தான் அரண்மனைக்குப் போய்க் கட்டளைகளை ஒப்பிக்கவில்லை. ஒரு ஏழையிடம் ஒரே ஒரு ஆட்டுக்குட்டி இருந்தது என்று கதையை ஆரம்பித்தார். அது அவன் பாத்திரத்திலே குடித்து, அவன் மடியிலே படுத்துக்கொள்ளும். அதை ஒரு பணக்காரன் பறித்துக்கொண்டான். ராஜாவுக்குக் கோபம் மூண்டு, அதைப் பறித்தவன் சாக வேண்டும் என்று தீர்ப்பே சொல்லிவிட்டான். அதற்குப் பிறகுதான் “நீயே அந்த மனுஷன்” என்றார். அந்த வரிசையைக் கவனி. தன்னைப் பற்றிய கதை என்று தெரியாத நேரத்தில்தான் மனுஷன் உண்மையான தீர்ப்பைச் சொல்கிறான். முதலிலேயே விரலை நீட்டியிருந்தால் தாவீது சாக்குத் தேடியிருப்பான்.

நம் நட்டாலில் பிறந்த எழுத்தாளர் ஆலன் பேட்டனுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் 1903இல் பிறந்தவர், நட்டாலின் மலைப்பக்கத்து ஊரான இக்ஸோப்போவில் வாத்தியாராக இருந்தவர். 1935 முதல் டீப்க்ளூஃப் சீர்திருத்தப் பள்ளியை நடத்தினார். குற்றம் செய்த கறுப்பினப் பையன்களை அடைத்து வைத்த இடம் அது. அங்கே முள்வேலியை எடுத்துவிட்டுப் பூச்செடி வைத்த மனுஷன். சிறைகளைப் பார்வையிட வெளிநாடு போனபோது, 1946இல் நார்வேயின் ட்ரான்ட்ஹைம் பேராலயத்தில் உட்கார்ந்துவிட்டு ஹோட்டலுக்குத் திரும்பி, இக்ஸோப்போ மலைப் பாதையைப் பற்றி எழுத ஆரம்பித்தார். அதுதான் 1948இல் வந்த ‘க்ரை, தி பிலவ்ட் கன்ட்ரி’ நாவல். இன ஒதுக்கலைக் கொண்டுவந்த நேஷனல் கட்சி ஆட்சியைப் பிடித்ததும் அதே வருஷம்தான்.

அதில் வரும் போதகர் குமாலோவைப் பார். ரயிலில், ஜோஹன்னஸ்பர்க் பழகினவர் போலக் காட்டிக்கொள்கிறார். உடன்பிறந்தவன்மேல் ஆத்திரம் வந்ததும் பொய் சொல்லி அவனைப் பயமுறுத்துகிறார். மகனுடைய பிள்ளையைச் சுமக்கும் பெண்ணிடம் கேட்கக்கூடாத கேள்வியைக் கேட்டுவிட்டு, வெட்கத்தில் முகத்தை மூடிக்கொள்கிறார். இவ்வளவும் செய்கிறவர் போதகராகவும் இருப்பதால்தான் அவருடைய ஜெபத்தை நான் நம்புகிறேன். உன் கதையில் வரும் பாஸ்டர் ஒருதரம்கூடக் கோபப்படவில்லை, மகளே. பசிக்கவும் இல்லை அவருக்கு. அவர் பேசும்போதெல்லாம் அம்மா கொட்டாவி விட்டாள்.

குமாலோவின் மகன் பெயர் அப்சலோம். ஜார்விஸ் என்ற வெள்ளைக்காரரின் ஒரே மகனை அவன் சுட்டுக் கொன்றுவிடுகிறான். பிற்பாடு மழைக்கு ஒதுங்க ஜார்விஸ் குமாலோவின் கோவிலுக்குள் வருகிறார். கூரை கண்ட இடத்திலெல்லாம் ஒழுகுகிறது. கொன்றவனின் அப்பாவும் செத்தவனின் அப்பாவும் சொட்டு விழாத இடமாகப் பார்த்து ஒதுங்குகிறார்கள். உன் மகனுக்குக் கருணை கிடைக்குமா என்று ஜார்விஸ் கேட்கிறார். மன்னிப்பைப் பற்றி அந்த இடத்தில் பேட்டன் ஒரு பிரசங்கமும் வைக்கவில்லை. நான் எத்தனையோ பிரசங்கம் கேட்டவன், சொன்னவனும்கூட. அந்த ஒழுகும் கூரைக்கு ஈடாக ஒன்றையும் கேட்டதில்லை.

நம் தெருவில் கராஜில் நடக்கிற ஜெபக்கூட்டம் உனக்கு ஞாபகம் இருக்கும். சாட்சி சொல்ல எழுந்தால், குடித்தேன், கர்த்தர் விடுவித்தார், அல்லேலூயா என்று பெரும்பாலும் ஒரே அச்சு. போன மாதம் ஒரு அக்கா எழுந்தாள். புருஷன் எந்நேரம் வருவான் என்று தெரியாது, தினமும் சோற்றுத் தட்டை இன்னொரு தட்டால் மூடி வைப்பேன் என்றாள். ஒருநாள் வேண்டுமென்றே மூடாமல் படுத்துவிட்டாளாம். காலையில் பார்த்தால் எறும்பு மொய்த்த சோற்றை அவன் தின்றுவிட்டுப் போயிருந்தான். “அன்னைக்குத்தான் அவனுக்காக முதல்தரம் அழுது ஜெபம் பண்ணினேன்” என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள். அவன் திருந்தினானா என்று சொல்லவில்லை. அல்லேலூயா சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

ஆகவே கடைசி அத்தியாயத்தில் அண்ணன் கூடாரக் கூட்டத்தில் முழங்கால் போட்டு நாலு பக்கம் ஜெபிக்கிறானே, அதை எடுத்துவிடு. அவன் மனந்திரும்புவதை எடுக்கச் சொல்லவில்லை. அம்மாவின் தாலியை அடகு வைத்துக் குதிரைப் பந்தயத்தில் விட்டவன், அந்த வீட்டு வாசலுக்கு எந்த முகத்தோடு வருவான்? யார் கதவைத் திறப்பார்கள்? தங்கச்சி அவனுக்குத் தண்ணீர் கொடுப்பாளா? அதை எழுது. அவனை எழுதும்போது உனக்கு அவன்மேல் கோபமே தீரவில்லை என்று தெரிகிறது. கெட்ட குமாரனின் தகப்பன் தூரத்தில் வரும்போதே கண்டு மனதுருகி ஓடினான். நீயும் அவனை அந்தத் தகப்பன் கண்ணால் பார்த்து எழுதினால், கர்த்தர் எங்கே என்று படிக்கிறவன் தேட வேண்டியிருக்காது.

கேப் டவுனில் வேலைக்குப் போய்க்கொண்டு ராத்திரியில் எழுதுகிறாய், கஷ்டம்தான். ஆனாலும் ஈஸ்டருக்கு வரும்போது அந்த அத்தியாயத்தைத் திருத்திக் கொண்டுவா. இந்தத் தரம் அம்மாவே வாசிக்கிறாளாம், புதுக் கண்ணாடி போட்டிருக்கிறாள். தங்கச்சி கதவைத் திறக்க வேண்டும் என்று இப்போதே சொல்லிவிட்டாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அன்புடன்,
அப்பா