கோடரியைக் கொஞ்சம் கீழே வைத்துவிட்டுக் கப்பலைக் காட்டுங்கள்

தமிழில் வரலாற்றுக் காணொளிகள் செய்யும் தம்பி தங்கைகளுக்கு,

வணக்கம். நான் தூத்துக்குடிக்காரன். என் அப்பா ஓடாவி. தோணி கட்டியும் பழுது பார்த்தும்தான் எங்களை வளர்த்தார். நான் உளி பிடிக்கவில்லை. சரக்குக் கப்பலில் எஞ்சின் அறை வேலைக்குப் போய், இருபத்தாறு வருடம் கடலில் இருந்துவிட்டு இப்போது ஊரோடு வந்துவிட்டேன்.

போன மாதம் என் பேரன் வைக்கிங்குகளைப் பற்றி ஒரு தமிழ்க் காணொளி பார்த்துவிட்டு நோட்டில் படம் வரைந்தான். பக்கம் முழுக்க ஓர் ஆள். தலையில் மாட்டுக்கொம்பு வைத்த கவசம், கையில் ரத்தம் சொட்டும் கோடரி. மூலையில் பிறை நிலா மாதிரி ஒரு படகு, கட்டைவிரல் அளவுக்கு. "கப்பலை ஏன்டா இவ்வளவு சின்னதாப் போட்டே?" என்று கேட்டேன். "அதுல ஏறித்தான் வருவாங்க தாத்தா. சண்டைதான் முக்கியம்" என்றான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அந்தக் காணொளியை நானும் உட்கார்ந்து பார்த்தேன். பதினெட்டு நிமிடத்தில் கப்பலுக்குக் கிடைத்தது அரை நிமிடம்.

அதனால்தான் இந்தக் கடிதம். ஒரு வேண்டுகோள்தான் என்னிடம் இருக்கிறது. வைக்கிங்குகள் என்பவர்கள் டென்மார்க், நார்வே, சுவீடன் பக்கத்து ஸ்காண்டிநேவியக் கடலோடிகள். அந்த ஸ்காண்டிநேவியர்களின் போர்க்கதையைச் சொல்லும்போது கப்பலிலிருந்து தொடங்குங்கள். அந்த மக்களின் போரும் வியாபாரமும் கொள்ளையும் குடியேற்றமும் அந்தப் பலகைகளின் மேல்தான் நடந்தன.

கொம்பைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வைக்கிங்குகள் கொம்பு வைத்த கவசம் போட்டுச் சண்டைக்குப் போனதற்கு ஆதாரம் கிடையாது. டென்மார்க்கில் 1942-ல் ஒரு சதுப்பில் கிடைத்த இரண்டு கொம்புக் கவசங்கள் கி.மு. 900-ஐ ஒட்டியவை. வைக்கிங் காலத்துக்கும் (கி.பி. எட்டு முதல் பதினோராம் நூற்றாண்டு வரை) அவற்றுக்கும் நடுவே 1,600 வருடத்துக்கு மேல் இடைவெளி இருக்கிறது. 1876-ல் ஜெர்மனியில் அரங்கேறிய ஓர் இசை நாடகத்துக்கு உடை வரைந்த ஓவியர் கொம்பு வைத்தார், அது அப்படியே ஒட்டிக்கொண்டது. 1943-ல் நார்வேயில் யெர்முன்ட்பூ என்ற பண்ணையில் கிடைத்த உண்மையான வைக்கிங் காலக் கவசத்தில் கொம்பு இல்லை. கண்ணைச் சுற்றி மூக்குக்கண்ணாடி போல ஓர் இரும்புத் தகடுதான் இருக்கிறது. உங்கள் முகப்புப் படத்துக்கு அதை எடுத்துக்கொள்ளுங்கள், அதுவும் பார்க்க மிரட்டலாகத்தான் இருக்கும். முதுகைப் பிளந்து விலா எலும்பை விரிக்கும் 'ரத்தக் கழுகு' தண்டனையும் அப்படித்தான். பழைய பாட்டுகளிலும் பின்னாளில் எழுதிய கதைகளிலும் வருகிறது. அப்படிக் கொல்லப்பட்ட ஓர் எலும்புக்கூடு இதுவரை கிடைத்ததில்லை. சொல்வதென்றால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சரி, கப்பலுக்கு வருகிறேன்.

வேலையில் இருந்தபோது ஒருமுறை எங்கள் கப்பல் கோபன்ஹேகனில் நின்றது. ஒரு நாள் விடுப்பு வாங்கிக்கொண்டு ரயிலேறி ரோஸ்கில்டே போனேன். அரை மணி நேரப் பயணம்தான். அங்கே கடற்கழியை ஒட்டி ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. 1070 வாக்கில், எதிரிக் கப்பல்கள் உள்ளே வராமல் கழியின் வாய்க்காலை அடைக்க, தங்கள் பழைய கப்பல்களிலேயே கல்லை ஏற்றி மூழ்கடித்திருக்கிறார்கள் அந்த ஊர்க்காரர்கள். 1962-ல் அந்த இடத்தைச் சுற்றி இரும்புத் தடுப்பு இறக்கி, தண்ணீரை இறைத்துவிட்டு, ஐந்து கப்பல்களைத் துண்டு துண்டாக வெளியே எடுத்தார்கள். அந்த ஐந்தும் ஐந்து விதம். மேற்கு நார்வேயில் பைன் மரத்தில் கட்டிய, வயிறு பருத்த சரக்குக் கப்பல் ஒன்று. 20 டன்னுக்கு மேல் ஏற்றலாம், ஓட்ட ஏழெட்டுப் பேர் போதும். சுமார் 30 மீட்டர் நீளப் போர்க்கப்பல் ஒன்று. அதன் மரத்தின் வளையங்களை எண்ணிப் பார்த்ததில், 1042-ல் அயர்லாந்தின் டப்ளின் பக்கத்தில் கட்டியது என்று தெரிந்தது. வைக்கிங் என்றால் ஒரே மாதிரி நீளக் கப்பல் என்று நானும் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் போர்க்கப்பலைப் போலவே ஒன்றை 2000 முதல் 2004 வரை அங்கே மறுபடி கட்டினார்கள். பெயர் 'கடல் குதிரை' என்ற பொருளில் வரும். அறுபது பேருக்கு மேல் ஏறி, 2007-ல் ரோஸ்கில்டேயிலிருந்து டப்ளினுக்குப் பாய் விரித்துப் போய், 2008-ல் திரும்பினார்கள்.

அவர்கள் கப்பல் கட்டும் விதம்தான் என்னை நாள் முழுக்க அங்கே நிறுத்திவைத்தது. ஓக் மரத்தை ரம்பத்தால் அறுக்க மாட்டார்கள். ஆப்பு அடித்து நடுவிலிருந்து வெளிப்பக்கமாகப் பிளப்பார்கள், ஆரஞ்சுச் சுளை பிரிகிற மாதிரி. மரத்தின் நார் எங்கேயும் அறுபடாது. அதனால் பலகையை மெல்லியதாகச் செதுக்கினாலும் வலு குறையாது, வளைத்தாலும் உடையாது. எங்கள் அப்பாவின் தோணியில் பலகைகள் விளிம்போடு விளிம்பு முட்டி நிற்கும். அங்கே ஓடு வேய்ந்ததுபோல ஒன்றின் விளிம்பின் மேல் அடுத்தது ஏறி உட்காரும். நடுவில் கீல், அதாவது தார், தோய்த்த கம்பளி நூல்; தண்ணீர் கசியாமல் இடுக்கை அடைக்கும் கலப்பத்து அதுதான். இரும்பு ஆணியை அடித்து உள்பக்கம் சின்ன தகட்டில் மடக்கிவிடுவார்கள். ஏராவை, அதாவது அடிமரத்தை, வைத்ததும் முதலில் பலகைகள்தான் ஏறும். வங்குகள், அதாவது விலாச்சட்டங்கள், பிறகுதான். அதாவது ஓடு முதலில், எலும்பு அப்புறம்.

இப்படிக் கட்டிய கப்பல் அலையோடு சேர்ந்து வளையும். 1880-ல் நார்வேயில் ஒரு புதைமேட்டிலிருந்து எடுத்த கோக்ஸ்டாட் கப்பலைப் பார்த்து அதேபோல ஒன்றைக் கட்டி, 1893-ல் மாக்னுஸ் ஆண்டர்சன் என்ற மாலுமி பெர்கனிலிருந்து அட்லாண்டிக்கைக் கடந்தார். நியூஃபவுண்ட்லாந்து போய்ச் சேர 28 நாள் ஆனது. புயலில் கப்பலின் மேல்விளிம்பு சுமார் 15 சென்டிமீட்டர் வரை முறுக்கிக்கொண்டது, ஆனாலும் தண்ணீர் ஏறவில்லை என்று அவரே குறித்திருக்கிறார். கடலில் வேலை பார்த்தவன் இதைப் படித்தால் கொஞ்ச நேரம் எழுந்திருக்க மாட்டான்.

இந்தக் கட்டுமானத்தைச் சொன்னால்தான் போர் புரியும். முப்பது மீட்டர் கப்பலுக்கு ஒரு மீட்டர் ஆழத் தண்ணீர் போதும். துறைமுகம் வேண்டாம், கரை மணலிலேயே ஏற்றிவிடலாம். அணியமும் (முன்புறம்) கடையாரும் (பின்புறம்) ஒரே வடிவம், அதனால் ஆபத்து வந்தால் திருப்பக்கூட வேண்டாம், பின்னால் துடுப்புப் போட்டே விலகிவிடலாம். காற்று இல்லையென்றால் பாய்மரத்தைச் சாய்த்துவிட்டு ஆற்றில் ஏறிவிடலாம். 793-ல் இங்கிலாந்துக் கரையோரம் லிண்டிஸ்ஃபார்ன் மடத்தைத் தாக்கியது இந்த வசதியால்தான். 845-ல் சேன் ஆற்றில் ஏறிப் பாரிஸ் வரை வந்ததும் இதனால்தான். அன்று பிரான்ஸ் பக்கத்தை ஆண்ட பிராங்குகளின் அரசன் 7,000 ராத்தல் வெள்ளி கொடுத்துத் திருப்பி அனுப்பினான். நிலத்தில் மோதினால் பிராங்க் நாட்டுக் குதிரைப்படை ஒன்றும் லேசானது இல்லை. ஆனால் அந்தப் படை வந்து சேரும் முன்னால் கப்பல் போய்விடும். அதற்குப் பதிலாகப் பிராங்குகள் கண்ட வழி, ஆற்றின் குறுக்கே அரண் வைத்த பாலம் கட்டுவது. கப்பலை நிறுத்தினால் போர் நின்றுவிடும் என்று அவர்களுக்குப் புரிந்திருந்தது.

கடலுக்குள் நடந்த சண்டையும் நீங்கள் வரைவதுபோல இல்லை. கப்பலால் கப்பலை முட்டி உடைக்க மாட்டார்கள். தங்கள் கப்பல்களை வரிசையாகச் சேர்த்துக் கட்டி மேடை போலாக்கி, அதன் மேல் நின்று கையோடு கை சண்டை போடுவார்கள்.

லிண்டிஸ்ஃபார்ன் தாக்குதல் நடந்த 793-ஐ இந்தக் கதையின் தொடக்கமாகச் சொல்லாதீர்கள் என்பதும் என் ஆசை. எஸ்தோனியாவின் சால்மே கிராமத்தில், 750-ஐ ஒட்டிய காலத்தில் புதைத்த இரண்டு கப்பல்கள் கிடைத்தன. ஒன்றில் ஏழு பேர், இன்னொன்றில் 34 பேர், வெட்டுக்காயங்களோடு. சுவீடன் பக்கத்திலிருந்து போனவர்கள். கூடவே வாள்களும், எலும்பில் செய்த ஆட்டக் காய்களும் இருந்தன. இன்னும் பின்னால் போனால், டென்மார்க்கின் அல்ஸ் தீவில் ஒரு சதுப்பிலிருந்து 1921-22-ல் எடுத்த ஹியோர்ட்ஸ்ப்ரிங் படகு வருகிறது. கி.மு. நான்காம் நூற்றாண்டு. சுற்றிலும் ஈட்டியும் கேடயமுமாகக் குவிந்து கிடந்தன. படையெடுத்து வந்து தோற்றவர்களின் ஆயுதங்களை, ஜெயித்தவர்கள் தெய்வத்துக்குப் படைத்தார்கள் என்பது அறிஞர்களின் கருத்து. அந்தப் படகில் ஆணியே கிடையாது. பலகைகளை மரநார்க் கயிற்றால் தைத்திருக்கிறார்கள். நம் சோழமண்டலக் கரையில் தென்னங்கயிற்றால் தைத்த மசூலாப் படகைப் பார்த்தவர்களுக்கு அதை விளக்கவே வேண்டாம். ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றார்கள் என்று நான் சொல்ல வரவில்லை, தயவுசெய்து நீங்களும் அப்படிச் சொல்லிவிடாதீர்கள். தைத்த படகை அலை உடைக்காது என்று இரண்டு கரையிலும் தனித்தனியாகக் கண்டுபிடித்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இனி, காணொளிகளில் யாருமே சொல்லாத ஒரு விஷயம். பாய்.

ஸ்காண்டிநேவியர்கள் பாய்க்கு மிகத் தாமதமாகத்தான் வந்தார்கள். 320 வாக்கில் கட்டிய நீடாம் படகு 23 மீட்டர் நீளம், 30 துடுப்பு, ஆனால் பாய் இல்லை. நார்வேயில் கிடைத்தவற்றில் பாய்மரத்தோடு கட்டிய மிகப் பழைய கப்பல், 820 வாக்கில் கட்டிய ஒசெபர்க் கப்பல்தான். பாய் வந்த பிறகுதான் ஐஸ்லாந்தும் கிரீன்லாந்தும் சாத்தியமாயின. அந்தப் பாய் ஆட்டுக் கம்பளியில் நெய்தது. அந்த ஊர் ஆட்டுக்கு மேலே நீண்ட முரட்டு மயிர், அடியில் மென்மயிர், என்று இரண்டு அடுக்கு. இரண்டையும் தனித்தனியாகப் பிரித்து, முரட்டு மயிரைப் பாவுக்கும் மென்மயிரை ஊடைக்கும் தக்களியில் நூற்று, கல் கட்டித் தொங்கவிட்ட நிமிர்ந்த தறியில் நெய்து, காற்று ஊடுருவாமல் இருக்கக் கொழுப்பும் கீலும் பூசுவார்கள். ஒரு பெரிய கப்பலின் பாயை ஒருத்தி தனியாக நூற்று நெய்தால் வருடக்கணக்கில் ஆகும். கப்பலைக் கட்டிய தச்சர்களின் உழைப்பைவிடப் பாய்க்குப் போன உழைப்பு கூடுதல் என்கிறார்கள் பழைய முறையிலேயே நெய்து பார்த்த ஆய்வாளர்கள். அதாவது ஒவ்வொரு போர்ப் படைக்குப் பின்னாலும் ஊர் ஊராகப் பெண்கள் தக்களி சுற்றியிருக்கிறார்கள். அவர்களை ஒரே ஒரு காட்சியிலாவது காட்டுங்கள். ஒசெபர்க் கப்பலில் அடக்கம் செய்யப்பட்டவர்களே இரண்டு பெண்கள்தான். கூடவே தறியும் நெசவுச் சாமான்களும் வைத்திருந்தார்கள்.

கப்பலைக் கொண்டாடச் சொல்கிறேன் என்பதற்காக அவர்கள் செய்ததை மறைக்கச் சொல்லவில்லை. அந்தக் கப்பல்கள் ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனவை. 870-ல் நான்கு மாதம் முற்றுகையிட்டு ஸ்காட்லாந்தின் டம்பார்ட்டன் கோட்டையைப் பிடித்தார்கள். அடுத்த வருடம் 200 கப்பல்களில் பெருங்கூட்டமாகக் கைதிகளை டப்ளினுக்குக் கொண்டுபோனதாக அயர்லாந்தின் ஆண்டுக்குறிப்பு சொல்கிறது. டப்ளின் பெரிய அடிமைச் சந்தையாக இருந்தது. ஐஸ்லாந்தில் முதலில் குடியேறிய பெண்களில் பாதிக்கு மேல் அயர்லாந்து, ஸ்காட்லாந்து வழி வந்தவர்கள் என்கிறது மரபணு ஆய்வு. அவர்களில் எத்தனை பேர் விரும்பி ஏறியிருப்பார்கள்? கோடரி வீச்சை நான்கு நிமிடம் மெதுவாக ஓடவிட்டு இசை போடுகிற இடத்தில் இதற்கு இரண்டு நிமிடம் கொடுங்கள்.

இன்னொன்று நம்ம ஊர் சம்பந்தப்பட்டது. தரங்கம்பாடிக் கோட்டையைக் காட்டி "வைக்கிங்குகள் தமிழ்நாட்டுக்கு வந்தார்கள்" என்று ஒரு காணொளியில் கேட்டேன். தரங்கம்பாடிக்கு வந்தவர்கள் டென்மார்க் அரசனின் வணிகக் கம்பெனிக்காரர்கள். 1620-ல் ஓவே யெட்டே தலைமையில் வந்து, தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டுக் கோட்டை கட்டினார்கள். 1845-ல் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். வைக்கிங் காலம் முடிந்து ஐந்நூறு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. கப்பலும் வேறு, பீரங்கி ஏற்றிய உயரமான கப்பல். அந்தக் கதை தனியாகச் சொல்லத் தகுந்தது. அதற்கு வைக்கிங் சாயம் வேண்டாம்.

கடைசியாக, மொழி. கப்பலைப் பற்றிப் பேசவேண்டிய அரை நிமிடத்திலும் நீங்கள் கீல், ப்ளாங்க், ஸ்டெர்ன் என்று ஆங்கிலத்தில் போகிறீர்கள். அதிலும் நமக்குக் கீல் என்றால் தார். பார்க்கும் மீனவப் பிள்ளை குழம்பிப்போவான். அடிமரத்துக்கு ஏரா, விலாச்சட்டத்துக்கு வங்கு, முன்புறத்துக்கு அணியம், பின்புறத்துக்குக் கடையார், பாய் தொங்கும் குறுக்குமரத்துக்குப் பருமல் என்று நம் கரையில் சொல் இருக்கிறது. உங்களில் யாராவது ஒரு வைக்கிங் கப்பலை ஏரா முதல் பருமல் வரை தமிழிலேயே காட்ட முன்வந்தால், எழுதிய வசனத்தைக் கொடுங்கள், நான் சொல் சொல்லாகப் பார்த்துத் தருகிறேன். காசு வேண்டாம்.

படம் வரைபவரிடம் இதை மட்டும் இப்போதே சொல்லிவிடுங்கள். பாய்மரம் ஒன்றுதான், நடுவில். பாய் சதுரம். மேல்தளத்தில் அறை எதுவும் கிடையாது, மழையிலும் வெயிலிலும் திறந்த கப்பல்தான். சுக்கான் ஓர் அகலத் துடுப்பு மாதிரி, கடையாருக்குப் பக்கத்தில் வலப்புறமாகக் கட்டியிருக்கும். இன்றைய கப்பல் மாதிரிப் பின்னால் நடுவில் போட்டுவிட வேண்டாம்.