பற்றரி படிக்கப்போகும் மருமகனுக்கு

திருகோணமலை

அன்பு மச்சான்,

கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்கு முழங்கால் நோவு குறைந்ததை அறிந்து நிம்மதி. இங்கே கச்சான் காற்று பிடித்துவிட்டது, பகலில் வெளியே தலை காட்ட முடியவில்லை.

மருமகன் மின்வாகனப் பற்றரி பற்றிப் படிக்க ஆசைப்படுகிறான், அனுப்பலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக அனுப்பு. ஆனால் இந்தத் தொழிலில் பலம் எங்கே இருக்கிறது என்று அவனுக்கு முதலில் தெரிய வேண்டும்.

நான் மாவாலையில் வேலை செய்த காலம் உனக்குத் தெரியும். அதே கோதுமை, அதே மெஷின்தான். உருளைகளின் இடைவெளி மயிரிழை பிசகினாலும் மா வேறாகிவிடும். சத்தத்தைக் கேட்டே அதைப் பிடிக்கிற ஆட்கள் எங்களிடம் இருந்தார்கள். பற்றரி அதைவிடப் பல மடங்கு நுணுக்கம். 6 மைக்ரோன் செப்புத் தகட்டில், தலைமயிரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத தடிப்பு அது, ஓடிக்கொண்டே பசை பூச வேண்டும். ஒரு உலோகத் துகள் விழுந்தால் அந்த செல், அதாவது பற்றரிக்குள் இருக்கிற சிறு அலகு, கெட்டது. ஈரமும் ஆகாது. இந்தக் கச்சான் காலத்து வறட்சிகூட அந்த அறைக்கு ஈரம்தான்.

சுவீடனில் நோர்த்வோல்ட் என்ற பற்றரிக் கொம்பனி 2016 இல் தொடங்கியது. கோடிகோடியாகப் பணம், பெரிய கார்க் கொம்பனிகளின் ஓடர், எல்லாம் இருந்தது. நினைத்த அளவுக்கு நல்ல செல்லை மட்டும் எடுக்க முடியவில்லை. 2024 இல் பிஎம்டபிள்யூ 200 கோடி யூரோ ஓடரைத் திரும்பப் பெற்றது, 2025 மார்ச்சில் கொம்பனி முறிந்தது. எனக்கு உண்மையிலேயே கவலையாக இருந்தது. எத்தனை ஆயிரம் பேரின் வேலை!

இப்போது இங்கே உட்துறைமுக வீதியில் ஓடுகிற சீனக் கொம்பனி பிவைடியின் கார்களைப் பார். 1995 இல் சின்னப் பற்றரி செய்யத் தொடங்கியவர்கள், இன்று செல்லும் தாங்களே, காரும் தாங்களே. அவர்கள் நம்பியிருக்கிற லித்தியம் இரும்பு பொஸ்பேற்றுப் பற்றரி முறையை 1990களில் கண்டுபிடித்தது அமெரிக்காவில், டெக்சாஸில், விஞ்ஞானி ஜோன் குடினஃபின் குழு. நிக்கலும் கோபால்ட்டும் வேண்டாம், விலை குறைவு, தீப்பிடிக்கிற பயமும் குறைவு. ஆனால் இன்று அந்த செல்கள் அநேகமாக முழுவதும் சீனாவில்தான் செய்யப்படுகின்றன. கண்டுபிடித்த இடத்தில் தொழில் தங்கவில்லை. சீன அரசு ஆரம்பத்தில் கொரியப் பற்றரி போட்ட கார்களுக்கு மானியம் கொடுக்காமல் தன் ஆட்களுக்கு இடம்விட்டது, அதையும் மறைக்கக்கூடாது. அந்த அவகாசத்தில் அவர்கள் சும்மா இருக்கவில்லை, தொழிலைக் கைக்குள் கொண்டுவந்தார்கள்.

நம் நாட்டை நினைத்தால்தான் மனம் பொறுக்கவில்லை. போகலையிலும் கஹட்டகஹவிலும் உலகிலேயே அரிதான சுத்தமான காரீயம், பென்சிலில் இருக்கிற கிராபைற்று, நிலத்துக்குள் நரம்பாக ஓடுகிறது. பற்றரியின் எதிர்முனை காரீயத்தால் ஆனது. ஆனால் அதை அரைத்து, உருட்டி, 99.95 வீதம் சுத்தமாக்கி, மேலே பூச்சும் பூசினால்தான் பற்றரிக்கு ஆகும். அந்த வேலையில் பத்தில் ஒன்பது பங்கு சீனாவில் நடக்கிறது. புல்மோட்டை மணலும் இப்படித்தான். டைட்டேனியம் எடுக்கிற இல்மனைற்று மணலாகவே கப்பலேறுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம்.

அதனால் மருமகனிடம் சொல், இரசாயனம் நன்றாகப் படிக்கட்டும். அப்புறம் எங்கே இடம் கிடைத்தாலும் பூச்சுப் பிரிவில் ஆறு மாதமாவது நின்று கை பழகட்டும். லீவுக்கு வரும்போது அவனையும் கூட்டிவா, புல்மோட்டைக்குப் போய் அந்தக் கறுப்பு மணலை அவன் கையில் அள்ளிக் கொடுக்க வேண்டும்.

அன்புடன்,
உன் மச்சான்