தூக்கிப் போடச் சொன்ன கறுப்பு டப்பா

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் தண்டையார்பேட்டையில் வசிக்கும் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. அப்பா விட்டுப்போன ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் இன்னும் எங்கள் வீட்டு வாசலில்தான் நிற்கிறது. இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டை 1961 முதல் நம் சென்னையிலேயே இந்தப் பெயரில் தயாரித்தார்கள்.

போன வருஷம் ஒரு தொல்லை ஆரம்பித்தது. ராத்திரி நன்றாக இருக்கும் பேட்டரி, விடிந்தால் செத்துக் கிடக்கும். இரண்டு பேட்டரி மாற்றியாகிவிட்டது. கடைசியில் தினமும் பேட்டரி ஒயரைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் படுப்பேன். வந்த மெக்கானிக்குகள் எல்லோரும் பானெட்டுக்குள் இருந்த ஒரு கறுப்பு டப்பாவிடம் வந்து நின்றுவிட்டார்கள். உள்ளங்கை அகலம், ஐந்து இடத்தில் ஒயர், எழுத்தெல்லாம் அழிந்திருந்தது. ஒருவர் ஹாரன் ரிலே என்றார். இன்னொருவர் பியூஸ் பாக்ஸ் என்றார். மூன்றாமவர், "தெரியல மேடம், கழட்டிப் போட்டுட்டு ஆல்டர்னேட்டர் வெச்சிடலாம்" என்றார். இப்போதைய கார்களில் பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுவது ஆல்டர்னேட்டர். என் கார் போன்ற பழைய கார்களில் அந்த வேலையைச் செய்வது டைனமோ.

அப்புறம்தான் டி.எச். ரோடு பக்கம் ஒரு சந்தில் டைனமோவுக்குக் காயில் கட்டும் பெரியவர் ஒருவரைப் பற்றிக் கேள்விப்பட்டுக் கூட்டி வந்தேன். அவர் டப்பாவைத் தொடவே இல்லை. "சாவி போட்டா செவப்பு லைட்டு எரியுதாம்மா?" என்று டாஷ்போர்டில் இருக்கும் சார்ஜ் விளக்கைக் கேட்டார். எரிவதில்லை, பல்பு போயிருக்கும் என்றேன். சார்ஜ் ஏற்றிய பேட்டரியை மாட்டி, இன்ஜினைக் கிளப்பாமல் ஐந்து நிமிஷம் சும்மா நின்றார். "இப்ப டைனமோவத் தொட்டுப் பாரும்மா." கை வைத்தேன். ஓடாத காரில் டைனமோ சுட்டது.

"இது கட்-அவுட்டும்மா. இத்தப் போயி தூக்கிப் போடச் சொன்னாங்களா?"

மூடியைக் கழற்றிக் காட்டினார். உள்ளே இரண்டு காயில்கள், அவற்றின் தலையில், ஒட்டினால் மின்சாரத்தை விட்டு, விலகினால் நிறுத்தும் சிறு பாயிண்டுகள். ஒரு காயில், டைனமோ அளவுக்கு மீறி வோல்டேஜ் தராமல் பார்த்துக்கொள்ளும் ரெகுலேட்டர். மற்றது கட்-அவுட். டைனமோ வேகமெடுத்து 13 வோல்ட் அளவுக்கு வந்ததும் பாயிண்ட் ஒட்டி, மின்சாரம் பேட்டரிக்குப் போகும். இன்ஜின் நின்றால் பாயிண்ட் விலகிவிட வேண்டும். விலகாவிட்டால் பேட்டரியில் இருப்பதெல்லாம் டைனமோ வழியே திரும்ப ஓடித் தீர்ந்துவிடும். என் காரில் பாயிண்ட் கருகி ஒட்டியே கிடந்தது. சிவப்பு விளக்கு எரியாததற்கும் அதுதான் காரணம், பல்பு நன்றாகவே இருந்தது. கடல் காற்றில் இங்கே பாயிண்டெல்லாம் சீக்கிரம் கெடும் என்றார்.

மெல்லிய எமரித் தாளால் தேய்த்து, இடைவெளி சரி செய்து, காரைக் கிளப்பச் சொன்னார். ஆக்சிலேட்டரை மெல்ல அழுத்தியதும் டப்பாவுக்குள் 'டிக்' என்று ஒரு சத்தம். சிவப்பு விளக்கு அணைந்தது. அதன்பின் பேட்டரி ஒரு நாளும் இறங்கவில்லை.

மெக்கானிக் பிள்ளைகள் மேல் எனக்குக் கோபமில்லை. ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் டயோடுகளே மின்சாரம் திரும்பாமல் தடுத்துவிடுவதால், கட்-அவுட்டைப் பார்க்கும் வாய்ப்பே அவர்களுக்கு வரவில்லை. ஆனால் அந்தப் பெரியவருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. கற்றுக்கொள்ள ஆளில்லை. ராயபுரம், வண்ணாரப்பேட்டைச் சந்துகளில் அவரைப் போல இன்னும் சிலர் இருப்பார்கள். வட சென்னை ஐ.டி.ஐ.க்கள் இவர்களைத் தேடிப் பிடித்து, கூலி கொடுத்து, மாதம் ஒரு நாளாவது மாணவர்களுக்குச் சொல்லித்தர வைக்க வேண்டும். சம்பந்தப்பட்டவர்கள் கண்ணில் பட உங்கள் நாளிதழ் இதை வெளியிட வேண்டுகிறேன்.

எந்த ஐ.டி.ஐ. கூப்பிட்டாலும் என் காரையே ஓட்டிக்கொண்டு வருகிறேன். ஹெரால்டின் பானெட் மட்கார்டோடு சேர்த்து முன்பக்கம் மொத்தமாகத் தூக்கிக்கொள்ளும். பத்துப் பிள்ளைகள் சுற்றி நின்று பார்க்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தண்டையார்பேட்டை, சென்னை.